புதுப்பிப்பு: கருப்பு ட்ரஃபிள் முட்டைக்கே போனது

பெரிகோர் கருப்பு ட்ரஃபிள் (பிரான்ஸின் பெரிகோர் பகுதியின் பெயரைக் கொண்ட, மண்ணுக்கடியில் வளரும் வாசனைக் காளான்) ஒன்று கிடைத்திருக்கிறது, பாஸ்தாவில் போடலாமா முட்டையிலா என்று கேட்டிருந்தேன். பலரும் முட்டை என்றீர்கள். சரி, அதையே செய்தேன்.

மண்ணை பிரஷ்ஷால் துடைத்து, மூடிய கண்ணாடி ஜாடியில் முட்டைகளோடு சேர்த்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஓட்டின் நுண்துளைகள் வழியே மணம் உள்ளே இறங்கிவிடுகிறது. மஞ்சள் கருவின் கொழுப்பு அதைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் பிரெஞ்சுக்காரர்களின் ‘ப்ரூயாட்’: வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம், தாராளமாக வெண்ணெய், முட்டை கூழாக இளகி நிற்கும்வரை விடாமல் கிளறல். அடுப்பை அணைத்த பிறகே ட்ரஃபிளைச் சீவிப் போட்டேன். கருப்புக்குள் மெல்லிய வெள்ளை நரம்புகள், பார்க்கவே அழகு. சூடு ஏறினால் மணம் பறந்துவிடும்.

ட்ரஃபிள் எண்ணெய் போதாதா என்றவருக்கு: அதில் பெரும்பாலும் செயற்கை மணம்தான். மிச்சத்தை வெண்ணெயில் பிசைந்து ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன், பாஸ்தா அதில்தான்.