நாலாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு வாக்கிய வகை எப்படி சொல்லிக்குடுக்கறீங்க?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. பாலக்காடு ஜில்லாவுல ஒரு எல்.பி. (லோயர் பிரைமரி) ஸ்கூல்ல தமிழ் மீடியம் நாலாங்கிளாஸ் எடுக்கறேன். போன வாரம் செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சின்னு நாலு வாக்கியமும் நடத்துனேன். புள்ளி வந்தா செய்தி, கேள்விக்குறி வந்தா வினா, ஆச்சரியக்குறி வந்தா உணர்ச்சின்னு போர்டுல எழுதிப்போட்டேன், கடகடன்னு ஒப்பிச்சுட்டாங்க. அதே வாக்கியத்தைக் குறி இல்லாம குடுத்தா பாதிப்பேர் முழிக்கறாங்க.

இதுல மலையாளம் வேற கலந்துருதுங்க. வீட்ல தமிழ்தான், ஆனா ஸ்கூல்ல மலையாளமும் படிக்கறாங்க, பஸ்ஸு கடை எல்லாம் மலையாளம், அதனால "மழை பெய்து." "அப்பா வந்து." அப்படின்னு எழுதி நிம்மதியா புள்ளி வெச்சிடறாங்க. கேள்வி எழுதச் சொன்னா "மாமன் வந்தோ?" "பேனா உண்டோ?"

டெஸ்ட்ல "இன்னும் பல்லு தேய்க்கலையா"ன்னு குடுத்திருந்தேன். ஒரு பொண்ணு கட்டளைன்னு எழுதியிருந்தா, நான் தப்பு போட்டுட்டேன். "எங்கம்மா அப்படிச் சொன்னா ஒடனே எந்திரிச்சு போவணும் டீச்சர்"னு சொல்லிட்டு உக்காந்துட்டா. ரெண்டு நாளா அது மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. நான் போட்டது சரிதானுங்களா?

மறையூர் மாஷ்:
டீச்சர், மொதல்ல அந்தப் பிள்ளைக்கு மார்க்கைப் போட்டுருங்க. வினா ஆறு வகைன்னு நன்னூல்லயே இருக்கு, அதுல ஒண்ணு ஏவல் வினா. கேக்குறது கேள்வி மாதிரி இருக்கும், சொல்றது வேலை. உருவத்துல வினா, கருத்துல கட்டளை. பெரிய கிளாஸ்ல படிக்க வேண்டியதை அந்தப் பிள்ளை அவங்க அம்மா வாயில இருந்தே பிடிச்சிருக்கு, நீங்க அதை கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் சொல்லணும்னு நான் ஆசைப்படுறேன்.

அடுத்தது குறி. ஓலைச்சுவடியில கேள்விக்குறியும் கிடையாது ஆச்சரியக்குறியும் கிடையாது, ஆனாலும் படிச்சவுகளுக்கு எது கேள்வி எது ஏவல்னு தெரிஞ்சுதுல்ல? தமிழ்ல வாக்கியம் பெரும்பாலும் தன் வகையை வினைச்சொல்லோட வால்லயே சொல்லிரும். வந்தான், வந்தானா, வா, வரட்டும், வருக, எல்லாத்துக்கும் தலை ஒண்ணுதான், வாலுதான் மாறுது. அதனால குறியைக் கடைசியில சொல்லிக்குடுங்க. நான் மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகளுக்கு எடுத்தப்ப பழைய காலண்டர் அட்டையை வெட்டி ஒரு அட்டையில "பறி"ன்னு எழுதுவேன், மத்த அட்டையில எல்லாம் வாலு. பிள்ளைக சேர்த்துச் சேர்த்து வைக்கும், "அம்மா கொழுந்து பறித்தாள்", "அம்மா கொழுந்து பறித்தாளா", "கொழுந்து பறி". கொழுந்து பறிக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த சொல்லு தினம் காதுல விழுறது, அதனால சட்டுனு வரும். உங்க ஊர்ல தென்னந்தோப்பு இருக்கே, தேங்காய் "போடு"ன்னு வச்சுக்கங்க.

"மழை பெய்து" விஷயமும் இதேதான். மலையாளத்துல பெய்து, வந்நு (நம்ம "வந்து" மாதிரி), போயி எல்லாமே முடிஞ்சு போன வினை, ஆணா பெண்ணா ஒருத்தரா பலரான்னு வாலு வேண்டாம். நமக்கு "அப்பா வந்து"ன்னா அப்புறம் என்னன்னு ஆள் காத்துக்கிட்டு இருப்பான். அடிச்சுத் திருத்தாம "வந்து...?"ன்னு நீட்டிக் கேளுங்க, பிள்ளையே "வந்து சோறு சாப்பிட்டார்"னு முடிக்கும். இப்படி முடியாம நிக்கிற வினைக்கு எச்சம்ங்கிற பேரே இப்போதைக்கு வேண்டாம்.

வாளையார் அம்மா:
மாஷ் சொல்றது சரிங்க. ஆனா "உண்டோ"வைத் தப்புன்னு சொல்லிடாதீங்க டீச்சர், ஓ-வும் தமிழ்ல வினா எழுத்துதானுங்களே, திருக்குறள்லயே "அன்பிற்கும் உண்டோ"ன்னு வருது. பேச்சுல நாம ஆ போடறோம், மலையாளத்துல ஓ போடறாங்க, அவ்வளவுதான். எம் பையன் அதைக் கேட்டுட்டு ரெண்டு பாஷையிலயும் மாத்தி மாத்தி சொல்லிட்டே இருந்தான்.

நகரிக்காரர்:
நாங்க ஆந்திரா பார்டர், எங்க பசங்களுக்கு கேள்வியில கஷ்டமே இல்ல, தெலுங்குலயும் வச்சாடா வச்சாவான்னு ஆ-தான் வரும். கட்டளைன்னா திட்டுறதுன்னு நெனச்சிட்டு பயந்தாங்க, அதான் சிக்கல். அப்போ வா, வாங்க, தயவுசெய்து வாங்க மூணையும் சொல்ல வச்சேன், தெலுங்குல ரா, ரண்டின்னு அவங்களே ஜோடி கண்டுபிடிச்சாங்க. மேல் வகுப்புல கட்டளை, வேண்டுகோள், வாழ்க ஒழிக எல்லாத்தையும் விழைவுத் தொடர்னு ஒண்ணா சேர்த்துடுவாங்க, அதனால இப்பவே மரியாதைச் சொல்லையும் கட்டளைக்குள்ள காட்டிடுங்க. வகுப்புலயே மளிகைக்கடை வச்சு விளையாட்டு நடத்துனா நாலு வகையும் ஒரே நேரத்துல வந்துடும்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். நேத்து அந்தப் பொண்ணு பேப்பரை வாங்கி மார்க் போட்டுட்டு, இது ஏவல் வினா, இவ கண்டுபிடிச்சான்னு கிளாஸ்ல சொன்னேன். ஒடனே பசங்க வீட்ல கேக்கற ஏவல் வினாவெல்லாம் வரிசையா சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, "லைட்டை ஆஃப் பண்ணலையா", "ஆட்டுக்குத் தண்ணி வெச்சியா", மணி அடிச்சும் நிறுத்தல. அட்டையும் போட்டாச்சு, மாஷே. ஒண்ணு மட்டும் பாக்கி, "என்ன மழை"ன்னு எழுதுனா "என்ன"ங்கற சொல்லு இருக்கேன்னு கேள்விக்குறி போடறாங்க, அதுல வாலும் இல்லையே?

மறையூர் மாஷ்:
அங்க வாலு உதவாது டீச்சர், குரல்தான். "எவ்வளவு பெரிய பாம்பு"ம் அதே ஜாதி. ஒரு பிள்ளையை ஜன்னல்கிட்ட நிறுத்தி வெளிய பாத்து "என்ன மழை"ன்னு சொல்லச் சொல்லுங்க, இன்னொண்ணை டீச்சர்கிட்ட சந்தேகம் கேக்குற மாதிரி சொல்லச் சொல்லுங்க. மத்ததுக எல்லாம் கண்ணை மூடிக் கேட்டுட்டு குறியைக் காத்துல விரலால போடட்டும். ஆச்சரியக்குறிக்கு வேலை வர்ற எடம் அதுதான், அப்ப சொல்லிக்குடுத்தீங்கன்னா மறக்காது.