புதுப்பிப்பு: சுங்கை சிப்புட் பிக்கப் (செவர்லெட் 350 எஞ்சின்), பெல்ட் மாற்றிய பின் வந்த சூடு

முன்பு போட்ட கேள்வி இதுதான்: பழைய வி-பெல்ட்டைக் கழற்றி ஒற்றை செர்பென்டைன் பெல்ட் (எல்லாப் புல்லிகளையும் வளைந்து சுற்றும் பட்டையான வரிப் பெல்ட்) மாட்டிய பிக்கப், நின்றால் சரி, செம்பனை ஏற்றி மேடு ஏறினால் கொதிக்கிறது.

காரணம் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப். புது அமைப்பில் பெல்ட்டின் வழவழப்பான முதுகு பம்ப் புல்லியில் படுவதால் பம்ப் எதிர்ப்பக்கம் சுற்றும். பழைய பம்பை அப்படியே விட்டால் உள்ளே இறக்கை தப்பான பக்கம் சாய்ந்திருக்கும். தண்ணீர் ஓடும், ஆனால் போதாது. எதிர்ச்சுற்றுக்கென்றே செய்த ரிவர்ஸ் பம்ப் போட்டதும் சூடு இறங்கியது. விசிறி பம்பிலேயே இருந்தால் அதையும் எதிர்ச்சுற்றுக்கு மாற்றணும். பலர் மறப்பது இதைத்தான்!

மீதி இருந்தது கீச்சு சத்தம். கிராங்க் புல்லி முகத்தில் நேர்க்கம்பி வைத்துப் பார்த்தால் ஆல்டர்னேட்டர் 3 மி.மீ. முன்னே. ஓர் அடிக்கு 1.5 மி.மீ. தாண்டினாலே பெல்ட் ஓரம் நூல் நூலாகப் பிரியும். பிராக்கெட்டுக்குப் பின்னால் இருந்த வாஷரை எடுத்ததும் நேராகிவிட்டது.

பெல்ட் வாங்கும் முன் டென்ஷனரை (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் பகுதி) நடு நிலையில் நிறுத்தி, கயிற்றால் பெல்ட் ஓடும் பாதையை அளந்து பாருங்கள். பெல்ட்டில் 6பிகே2100 என்று இருந்தால் நீளவாக்கில் 6 வரி, நீளம் 2100 மி.மீ.

செம்மண் பெல்ட் வரிகளுக்குள் ஏறும். பிரஷால் தட்டுங்கள், எண்ணெய் தடவவே கூடாது.