துளையிடுவதற்கு முன்: ஆஸ்பெஸ்டாஸ் உள்ள கட்டடங்களில் எங்கள் அனுபவங்கள்

பழைய கட்டடங்களை ஆய்வு செய்பவர்

ஒரு கட்டடத்தை இடிப்பதற்கோ புதுப்பிப்பதற்கோ முன்பு, அதில் ஆஸ்பெஸ்டாஸ், அதாவது சுவாசித்தால் நோய் தரும் கல்நார் இழை, எங்கெங்கே இருக்கிறது என்று தேடிக் குறிப்பதே என் பணி. உரிமையாளர்கள், சொல்லி வைத்தாற்போல், முதலில் கூரையைத்தான் காட்டுகிறார்கள். நெளிவுத் தகடுகளில் கல்நார் இழை பெரும்பாலும் 10 முதல் 15 விழுக்காடுதான் இருக்கும். அதுவும் சிமென்டோடு இறுகியிருப்பதால், தகடு உடையாமலும் அரிக்கப்படாமலும் இருக்கும்வரை எளிதில் வெளியேறாது. நான் அஞ்சுவது மறைவாக இருப்பவற்றுக்கு: கொதிகலன் அறைக் குழாய்களின் மேல் சுற்றிய வெப்பக்காப்பு, தீயிலிருந்து காப்பதற்காக எஃகு உத்தரங்களின்மீது தெளித்த பூச்சு, தடுப்புகளிலும் கதவுகளின் உட்புறத்திலும் பொருத்திய காப்புப் பலகை. தெளிப்புப் பூச்சுகள் சிலவற்றில் இழையின் பங்கு 85 விழுக்காடு வரை போகும். விரல் பட்டாலே உதிரும்.

ஓர் அலுவலகக் கட்டடத்தில் பொய்க்கூரைப் பலகை ஒன்றை மெல்ல நகர்த்திப் பார்த்தபோது, அதன் மேற்புறத்தில் சாம்பல் நிறத் தூசு படிந்திருந்தது. அதற்கு நேர் மேலே, உத்தரத்துப் பூச்சில் புதிதாகச் சுரண்டிய தடங்கள் தெரிந்தன. கணினி வடம் இழுக்க வந்தவர்கள், அது என்ன பூச்சு என்று யாரும் சொல்லாததால், கொக்கி மாட்டுவதற்காக அதைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். தளத்தை மூடி, குளிரூட்டியின் காற்றோட்டத்தை உடனே நிறுத்தச் சொன்னேன். ‘இத்தனை ஆண்டுகளாக இங்கே வேலை பார்க்கிறார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே’ என்றார் நிர்வாகி. இந்த வாதத்தைக் கேட்காமல் நான் வெளியே வந்த கட்டடங்கள் குறைவு. இழையைச் சுவாசித்த காலத்துக்கும் நோய் வெளிப்படும் காலத்துக்கும் இடையே 20 முதல் 50 ஆண்டுகள் வரை செல்லக்கூடும் என்பதால், ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைய நிலையைச் சொல்கிறதே தவிர, ஆபத்தில்லை என்று காட்டுவதில்லை.

வெள்ளை, பழுப்பு, நீலம் என்று வகைகளுக்குப் பெயர் இருப்பதால், நிறத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. சிமென்டிலோ சாயத்திலோ கலந்துவிட்ட பிறகு அது நடக்காது. சிறு மாதிரியை நனைத்தெடுத்து, உறைக்குள் உறையாக மூடி, எடுத்த இடத்தையும் பூசி அடைத்துவிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பி நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். முடிவு வரும்வரை அது ஆஸ்பெஸ்டாஸ்தான் என்றே கொள்ளவேண்டும்.

வெப்பக்காப்புத் தொழிலாளி ஒருவரின் மகள்

என் தந்தை கொதிகலன்களுக்கு வெப்பக்காப்புப் பூசும் வேலை செய்தவர். நோய் வந்ததோ அவருக்கல்ல, என் தாய்க்கு. மூச்சிரைப்பும் ஒரு பக்க நெஞ்சுவலியுமாகத் தொடங்கியது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருப்பதாகச் சொல்லி எடுத்தார்கள், மறுபடியும் கோத்தது. திசுச் சோதனைக்குப் பிறகுதான் மீசோதெலியோமா, அதாவது நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வில் வரும் புற்றுநோய், என்று தெரிந்தது. அம்மா என்ன வேலை செய்தார் என்று மருத்துவர் கேட்டார். வேலைக்கே போனதில்லை என்றோம். வீட்டில் மற்றவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்று அடுத்துக் கேட்டார்; அந்தக் கேள்விக்குத்தான் பதில் இருந்தது. தந்தையின் வேலை உடுப்புகளை அம்மா வாசலில் நின்று உதறிவிட்டுத்தான் துவைப்பார்.

1960-இல் வாக்னரும் அவருடைய சக மருத்துவர்களும் தென்னாப்பிரிக்காவின் வடமேற்குக் கேப் பகுதி மீசோதெலியோமா நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட கட்டுரையிலேயே, ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கத்தில் இறங்காமல் அதன் அருகில் வாழ்ந்தவர்கள் இருந்தார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். வேலை செய்பவரைத் தாண்டியும் இது வரும் என்பது அப்போதே அச்சில் வந்துவிட்ட செய்தி. என் தந்தைக்கு அதை எந்த மேலாளரும் சொல்லவில்லை. உடுப்பை அங்கேயே மாற்றிக்கொண்டு குளித்துவிட்டுப் போவதற்கு ஓர் அறையும் கொடுக்கவில்லை.

நுரையீரல் மருத்துவர்

மேலே எழுதியவரின் மருத்துவர் கேட்ட இரண்டாவது கேள்வியை நான் என் மாணவர்களுக்குக் கட்டாயமாகக் கற்பிக்கிறேன். நெடுநாள் முன்பு விட்ட வேலையை நோயாளி தானாகச் சொல்வதில்லை.

மயிரிழையைவிடப் பன்மடங்கு மெல்லிய இந்த இழைகள் மூச்சுக்குழல்களைக் கடந்து காற்றறைகள்வரை செல்கின்றன. அங்கே தூசை விழுங்கி அகற்றும் உயிரணுக்கள், நீண்ட இழையை முழுதாக விழுங்க முடியாமல், அழற்சியைத் தூண்டும் பொருள்களை வெளியிட்டபடியே இருக்கின்றன. நெடுங்காலம் மிகுதியாகச் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் தழும்பேறி இறுகுவது ஆஸ்பெஸ்டோசிஸ். இதைத் தவிர, நுரையீரல், குரல்வளை, சூலகம் ஆகியவற்றில் புற்றுநோயை உண்டாக்கும் என்பதும் உறுதியாகியிருக்கிறது. வெள்ளை வகை தீங்கற்றது என்ற பிரசாரத்தை நம்பவேண்டாம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைகளையும் முதல் பிரிவுப் புற்றுக்காரணிகளாகவே வைத்திருக்கிறது. இந்த இழையைச் சுவாசித்ததோடு புகையும் பிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம், இரண்டு தீங்குகளையும் கூட்டினால் வருவதைவிட மிக அதிகம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வீட்டில் ஒரே ஒரு தகட்டை அறுத்துவிட்டு, மறுநாளே ஸ்கேன் எடுக்கச் சொல்லி, உறக்கமிழந்து வந்தார் ஒருவர். ஒருமுறை சிறிதளவு சுவாசித்ததால் வரும் கூடுதல் அபாயம் மிகக் குறைவு. அன்றைய படத்தில் எதுவும் தெரியவும் தெரியாது. உள்ளே போன இழையை வெளியே எடுக்கும் மருந்து கிடையாது. நடந்ததை மருத்துவக் குறிப்பில் பதிந்துவைத்தேன்; புகைப்பழக்கத்தை விடச் சொன்னேன்; மிச்சத் தகட்டைத் தொடவேண்டாம் என்றேன். அவர் மருந்துச்சீட்டு இல்லாமல் அரைமனதோடுதான் எழுந்து போனார்.

கூரைத் தகடுகளை அகற்றும் பணியின் மேற்பார்வையாளர்

கூரையை அகற்றுகையில் முதலில் உயிரைப் பறிக்கக்கூடியது இழையல்ல, வீழ்ச்சி. பழைய தகடு ஆள் பாரம் தாங்காது. மேலே சாயம் அடித்திருந்தால் விரிசலும் தெரியாது. ஆகவே யாரையும் தகட்டின்மீது ஏற நான் விடுவதில்லை. கீழிருந்து உயர்த்தும் மேடையில் நின்று செய்யமுடியாத வேலையென்றால், நடைபலகையும் கீழே வலையும் அமைத்த பிறகே தொடங்குவோம்.

சோப்புக் கரைசலைக் குறைந்த அழுத்தத்தில் தெளித்து நனைப்போம். விசைநீர்ப் பீய்ச்சி மேற்பரப்பை அரித்து இழையைக் கிளப்பிவிடும் என்பதால் அதற்கு இடமில்லை. திருகாணிகளைக் கையால் கழற்றி, தகட்டை முழுதாக இறக்குவோம். சுத்தியலால் தட்டி உடைத்துக் கீழே வீசுவது விரைவாக முடியும்தான். அந்த விரைவுக்கு ஆசைப்பட்ட ஒப்பந்தக்காரர் ஒருவரோடு நான் வேலையைப் பாதியில் முறித்துக்கொண்டேன். இறக்கிய தகடுகளைத் தடித்த பாலித்தீன் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டி, அதற்கென்று ஒதுக்கிய குப்பைக்கிடங்குக்கு மட்டும் அனுப்புவோம். துடைப்பமும் வீட்டு வாக்குவம் கிளீனரும் கூடாது. ஈரத்துணியாலும், நுண்துகள் வடிகட்டி பொருத்திய தனி இயந்திரத்தாலும்தான் துப்புரவு.

சச்சரவு எழுவது முகக்கவசத்தில். துணிக்கவசமும் அறுவை அறைக் கவசமும் இந்த இழையைத் தடுப்பதில்லை. உயர்தர வடிகட்டிக் கவசமும் முகத்தோடு ஒட்டினால்தான் பயன் தரும்; தாடி இருந்தால் ஓரத்தில் காற்று புகுந்துவிடும். தாடியை எடுக்க மறுத்த நல்ல தொழிலாளியைத் தரைப் பணிக்கு, தடுப்புக்கு வெளியே, மாற்றினேன். அமெரிக்க விதி, 8 மணிநேரச் சராசரியாக, ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 0.1 இழையை வரம்பாக வைத்திருக்கிறது. அது சட்ட வரம்பு மட்டுமே, அதற்குக் கீழே தீங்கில்லை என்ற உறுதிமொழி அல்ல.

இதெல்லாம் சிமென்டுத் தகட்டுக்கு. முதலில் எழுதிய ஆய்வாளர் குறிப்பிட்ட தெளிப்புப் பூச்சும் குழாய்க்காப்பும் என்றால் நாங்கள் கை வைக்கமாட்டோம். இடத்தை முழுதாக அடைத்து, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்து, முடிந்தபின் காற்றை அளந்து சான்று தருகிற, உரிமம் பெற்ற குழுவின் வேலை அது.

மின்பணியாளர்

பிரிட்டனில் 1999-இலும் ஆஸ்திரேலியாவில் 2003 இறுதியிலும் முழுத்தடை வந்தது என்பார்கள். தடைக்கு முன்பு சுவரில் போனது சுவரிலேயேதான் இருக்கிறது. பழைய உருகிப் பெட்டிகளுக்குள் ஆஸ்பெஸ்டாஸ் பட்டை இருப்பதும், பெட்டிக்குப் பின்னால் காப்புப் பலகை இருப்பதும் புதிதல்ல. அதனால் கட்டடத்தின் ஆய்வுப் பதிவேட்டைப் பார்க்காமல் நான் துளையிடுவதில்லை. அண்மையில் ஒரு வீட்டுக்காரர் இதைக் கேட்டதும் சலித்துக்கொண்டார். மாதிரி அனுப்பி, வேலை தள்ளிப்போய், இறுதியில் அது வெறும் ஜிப்சம் பலகை என்று முடிவு வந்தது. தாமதத்துக்காக என்னை நன்றாகக் கடிந்துகொண்டார். முடிவுத் தாளின் ஒரு படியை அவருடைய மின்பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிட்டு, துளையிட்டு வேலையை முடித்தேன்.