ஜப்பானில் இருந்து 6-ம் வகுப்புக்கும் 9-ம் வகுப்புக்கும் வரும் பிள்ளைகள்: ஆங்கிலம், தமிழ் எங்கிருந்து தொடங்குவது?

ஏற்காடு_ஆசிரியை கேட்டது:

வணக்கம். ஏற்காட்டில் ஆங்கில வழி விடுதிப் பள்ளி. ஜூனில் அக்கா, தம்பி இரண்டு பேர் ஜப்பானில் இருந்து சேர்கிறார்கள். தம்பி 6-ம் வகுப்பு, அக்கா 9-ம் வகுப்பு. இருவரும் இந்த மார்ச் வரை அங்கே சாதாரண அரசுப் பள்ளியில் படித்தவர்கள். பெற்றோர் சேலத்தில் இருப்பார்கள். இவர்களுக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரிந்திருக்கும், எங்கே இடறுவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாடத்திட்டம் போட வசதி. இன்னொன்று, முதலில் ஆங்கிலம் பிடிபடட்டும், தமிழை ஒரு வருடம் தள்ளிவைக்கலாம் என்ற பேச்சு இருக்கிறது. அது சரியா?

மொழிவகுப்பு பதில்:

டீச்சர், முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஜப்பானில் 2020 ஏப்ரலில் இருந்து 3, 4-ம் வகுப்புகளில் வருடத்துக்கு 35 பாடவேளை ஆங்கிலம், மதிப்பெண் இல்லாமல், பாட்டும் பேச்சும் விளையாட்டுமாக. 5, 6-ம் வகுப்புகளில் அது முறையான பாடம், வருடத்துக்கு 70 பாடவேளை. ஒரு பாடவேளை 45 நிமிடம். அப்படியானால் 5-ம் வகுப்பு முடித்த தம்பி இதுவரை கேட்ட பள்ளி ஆங்கிலம் மொத்தம் 140 பாடவேளை, அதாவது 105 மணி நேரம். நம் பிள்ளைகள் எல்.கே.ஜி.யில் இருந்தே ஆங்கிலத்தில் இருக்கிறார்கள். அந்த இடைவெளியை மனதில் வைத்தே அவனைப் பாருங்கள். அக்கா இரண்டு வருடம் நடுநிலைப் பள்ளியும் (அங்கே 7 முதல் 9-ம் வகுப்பு வரை) முடித்திருப்பாள். அங்கே வருடத்துக்கு 140 பாடவேளை, ஒவ்வொன்றும் 50 நிமிடம். எல்லாம் கூட்டினால் கிட்டத்தட்ட 390 மணி நேரம் வரும்.

தம்பிக்கு ஆங்கில எழுத்துகள் தெரியும், வாழ்த்துச் சொல்லத் தெரியும், தனக்குப் பிடித்ததைச் சொல்லத் தெரியும். எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. தொடக்கப் பள்ளியில் எழுத்தின் பெயரையும் ஒலியையும் சொல்லித் தருவார்கள். ஒலிக்கும் எழுத்துக்கூட்டலுக்கும் உள்ள தொடர்பை நடுநிலைப் பள்ளிக்குத் தள்ளிவிடுவார்கள். இதற்கு நடுவில் ஒரு வினை இருக்கிறது. 3-ம் வகுப்பு ஜப்பானிய மொழிப் பாடத்திலேயே ரோமாஜி வந்துவிடும், அதாவது ஜப்பானியச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை. அந்தக் கண்ணோடு அவன் 'டேக்' (take) என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்தால் 'தாகே' என்று படிப்பான். ஜப்பானியத்தில் அது மூங்கில். 'சேம்' (same) என்பது 'சாமே' ஆகும், அது சுறா. படிக்கத் தெரியாத பிள்ளை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேறொரு விதியை அவன் ஒழுங்காகப் பின்பற்றுகிறான். தினம் 15 நிமிடம், ஆறு வாரம், முதலில் மூன்றெழுத்துச் சொற்கள், பிறகு கடைசியில் ஊமை 'ஈ' வரும் சொற்கள். அதற்கு முன் ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்ல வேண்டாம்.

உச்சரிப்பில் பெரிய தடை மெய்யெழுத்துக் கூட்டம். நம் பிள்ளைகளும் 'பஸ்ஸு', 'ஸ்கூலு' என்று கடைசியில் உகரம் போடுவார்கள். ஜப்பானியப் பிள்ளை நடுவிலும் போடும். 'ஸ்ட்ரைக்' அவர்கள் வாயில் 'சு-தொ-ரா-இ-கு', ஐந்து தட்டு. கையைத் தட்டிக் காட்டுங்கள்: ஆங்கிலத்தில் ஒரே தட்டுதான். பிறகு பின்னாலிருந்து கட்டிக்கொண்டு வாருங்கள்: 'ரைக்', 'ட்ரைக்', 'ஸ்ட்ரைக்'. முன்னாலிருந்து போனால் உகரம் ஒட்டிக்கொள்ளும்.

'லைட்', 'ரைட்' குழப்பம் எல்லோருக்கும் தெரிந்ததே. அவர்களிடம் இருப்பது ஒரே ஒலி, அது நம் ரகரத்துக்குப் பக்கம். லகரத்துக்கு நாக்கு நுனியை மேல்பல்லின் பின்பக்க ஈறில் வைத்து இரண்டு நொடி எடுக்காமல் இழுக்கச் சொல்லுங்கள். 'சீட்', 'ஷீட்' இரண்டும் அவர்கள் வாயில் 'ஷீ' ஆகும், ஏனென்றால் அவர்கள் சகர வரிசையில் 'சி' கிடையாது, 'ஷி' மட்டும்தான்.

ஆனால் முதல் இரண்டு மாதம் பேச்சைவிடக் கேட்பதுதான் கஷ்டம். அங்கே அவர்கள் கேட்டது பெரும்பாலும் அமெரிக்கப் பலுக்கல், நிதானமான ஒலிப்பதிவு. 'தேங்க்' என்று நாம் தகரத்தில் சொல்வது அவர்கள் காதில் 'டேங்க்' என்றே விழும். வீட்டுப்பாடத்தை வாயால் மட்டும் சொல்லாமல் கரும்பலகையில் தனித்தனி எழுத்தாக எழுதுங்கள். கூட்டெழுத்து வேண்டாம், இப்போது அங்கே பள்ளியில் பொதுவாக அதைக் கற்பிப்பதில்லை. 'போர்ஷன்', 'பை ஹார்ட்', 'இம்போசிஷன்', 'ரஃப் நோட்டு', 'ஹால் டிக்கெட்' போன்ற நம் ஊர்ப் பள்ளிச் சொற்கள் ஒரு நாற்பதைப் பொருளோடு ஒரே தாளில் அச்சடித்து முதல் நாளே கையில் கொடுங்கள். எந்த ஜப்பானியப் பாடப்புத்தகத்திலும் இவை இருக்காது.

அக்காவுக்கு இறந்தகாலம், ஒப்பீடு, செயப்பாட்டுவினை எல்லாம் வந்திருக்கும். பெயரை விளக்கும் 'ஹூ', 'விச்' தொடர்கள் அங்கே நடுநிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டில்தான் வரும். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் அவை இல்லாத பத்தியே கிடையாது. முதலில் அதைப் பிடியுங்கள்.

தமிழ்ப்பலகை பதில்:

மேலே எழுதியவர் ஆங்கிலத்தை நன்றாகப் பிரித்துச் சொல்லிவிட்டார். தமிழைத் தள்ளிவைப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. இந்தப் பிள்ளைகள் வாக்கியம் கட்டுவதில் ஆங்கிலத்தைவிடத் தமிழில் வேகமாகப் போவார்கள். விடுதியில் மற்ற பிள்ளைகளோடு ஒட்டவும் அதுதான் வழி.

காரணம் அமைப்பு. இரண்டு மொழியிலும் வினை கடைசியில். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். 'நேற்று வாங்கிய புத்தகம்' ஜப்பானியத்தில் 'கினோ கத்த ஹொன்', சொல்லுக்குச் சொல் அதே வரிசை. ஆங்கிலத்தில் அக்கா தடுமாறப்போகும் அந்த 'விச்' தொடரைத் தமிழ்ப் பெயரெச்சத்தில் அவள் யோசிக்காமல் சொல்லிவிடுவாள். 'சாப்பிட்டுப் பார்' என்பது 'தாபேதெ மிரு'. 'மிரு' என்றால் 'பார்'தான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர்கள் சொல்லும் 'இத்தெகிமாஸ்' அப்படியே நம் 'போயிட்டு வரேன்'. முதல் நாள் பாடத்துக்கு இதைவிட நல்ல வாக்கியம் கிடையாது. 'நீ வரலையா?' என்று கேட்டால் 'ஆமா, வரலை' என்று பதில் சொல்வதும் இரண்டு மொழிக்கும் பொது. ஆங்கிலத்தில் நம் பிள்ளைகளும் அவர்களும் ஒரே தப்பைச் செய்வது இதனால்தான், அதனால் அந்தப் பயிற்சியை வகுப்பு முழுவதற்கும் சேர்த்தே கொடுக்கலாம்.

(தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ நெடுங்காலம் வாதிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. வகுப்புக்கு அந்த வழக்கு வேண்டாம், வடிவம் ஒத்துப்போவதே போதும்.)

எழுத்தை அவர்கள் கைவசம் உள்ள வரிசையில் இருந்து தொடங்குங்கள். ஜப்பானிய எழுத்து வரிசை அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. புத்த பிக்குகள் வழியே போன வடமொழி ஒலி வரிசையின் தாக்கம் அது. அந்த ஹகரமும் பழங்காலத்தில் பகரமாக ஒலித்தது. நம் நெடுங்கணக்கை அதன் பக்கத்தில் எழுதிக் காட்டினால் ட, ண, ல, ழ, ள, ற போன்ற சிலவற்றை மட்டும் புதிதாகச் செருகினால் போதும் என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். குறில் நெடிலும் இரட்டிப்பும் சொல்லித்தரவே தேவையில்லை, அவர்கள் மொழியிலும் அவற்றால் பொருள் மாறும்.

இடறும் இடங்கள் மூன்று. முதலாவது, ஒரே 'க' மூன்று விதமாக ஒலிப்பது. அவர்கள் எழுத்தில் ஒலி மாறினால் மேலே இரண்டு சிறு கோடு போடுவார்கள், இங்கே எங்கே அந்தக் கோடு என்று தேடுவார்கள். 'பக்கம், பங்கு, பகல்' என்ற மூன்றையும் சுவரில் ஒட்டுங்கள்: இரட்டித்தால் வல்லொலி, மூக்கொலிக்குப் பின் மெல்லொலி, உயிர்களுக்கு நடுவே இன்னும் தளர்வு. இரண்டாவது, வினைமுற்று விகுதி. அவர்கள் மொழியில் நான் போனாலும் அவர் போனாலும் வினை ஒன்றே, ஆகவே 'அவர் போறேன்' என்று கேட்கும். திருத்திக்கொண்டே இருக்க வேண்டும், தானாகச் சரியாகாது. மூன்றாவது 'நாம', 'நாங்க'. அவர்களுக்கு இரண்டுக்கும் ஒரே சொல். ழகரத்துக்கு மட்டும் உயிரை விடாதீர்கள். ல, ர பிரிந்தால் முதல் பருவத்துக்குப் போதும்.

முதல் எட்டு வாரம் பேச்சுத்தமிழ் மட்டும். படிக்கும் பயிற்சிக்குச் சேலம் பேருந்து நிலையப் பலகைகளே நல்ல பாடநூல்: ஆத்தூர், ஓமலூர், மேட்டூர். 'ஊர்' மூன்றிலும் திரும்ப வருவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

ஏற்காடு_ஆசிரியை கேட்டது:

மிகவும் நன்றி. அக்காவின் கணிதம், வேதியியல் பற்றியும் யாராவது சொல்ல முடியுமா? பாடம் அங்கேயே தெரிந்திருந்தும் சொல் தெரியாமல் மதிப்பெண் போகக்கூடாது.

ஆய்வகம்_சேலம் பதில்:

சோடியம், பொட்டாசியம் இரண்டையும் தனியாகக் கவனியுங்கள் மேடம். ஜப்பானியப் பாடத்தில் அவை 'நாதொரியுமு', 'காரியுமு'. தனிமக் குறியீட்டைக் காட்டினால் உடனே புரியும், ஏனென்றால் அந்தக் குறியீடுகளும் அதே பெயர்களில் இருந்து வந்தவை. 'எனர்ஜி' அவளுக்கு 'எனெருகீ', ஜெர்மன் வழியாகப் போன சொல். காதில் கேட்டால் அடையாளம் தெரியாது, பக்கத்தில் எழுதினால் தெரியும். பாக்சைட் அங்கே 'போக்கிசைத்தோ', மக்னீசியம் 'மகுனேஷியுமு'. சேர்வராயன் மலையில் பாக்சைட்டும் சேலத்தில் மக்னசைட்டும் இருப்பதால் கனிமப் பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

கணிதத்தில் பெரிய எண்களைப் பாருங்கள். அவர்கள் பத்தாயிரம் பத்தாயிரமாக அடுக்குகிறார்கள். பத்தாயிரம் ஒரு 'மான்', ஒரு லட்சம் பத்து மான், ஒரு கோடி ஆயிரம் மான். ஆங்கிலத்தின் ஆயிர அடுக்கும் நம் லட்ச அடுக்கும் சேர்ந்தால் மூன்று எண் முறைகள் ஒரே நேரத்தில் மண்டைக்குள் ஓடும். கமா எங்கே விழும் என்று ஒரு பாடவேளை ஒதுக்குங்கள்.

திருத்தும்_பேனா பதில்:

ஒரு சின்ன விஷயம், ஆனால் முதல் வாரமே பிள்ளையை அழவைத்துவிடும். ஜப்பானில் சரியான விடைக்கு வட்டம் போடுவார்கள். டிக் என்பது பெரும்பாலும் தப்பு என்ற அடையாளம். நோட்டு முழுக்க டிக் போட்டுக் கொடுத்தால் எல்லாமே தவறு என்று நினைத்துக்கொள்வான். முதல் நோட்டைத் திருத்தும்போதே பக்கத்தில் உட்காரவைத்து விளக்கிவிடுங்கள். அதே மாதிரி 'கன்னிங்கு' என்று அவன் சொன்னால் பரீட்சையில் காப்பி அடிப்பது என்று பொருள். 'ஹொச்சிகிசு' என்று கேட்டால் ஸ்டேப்ளரை எடுத்துக் கொடுங்கள்.

திரும்பிப்போகும்_பிள்ளைகள் பதில்:

ஜப்பானியத்தையும் காப்பாற்ற வேண்டும் டீச்சர், என்றாவது ஊர் திரும்புவார்கள். தொடக்கப் பள்ளியின் ஆறு வருடத்தில் 1,026 கான்ஜி, அதாவது ஜப்பானியத்தில் எழுதப் பயன்படும் சீன எழுத்துகள். தம்பி 835 முடித்திருப்பான், இந்த வருடத்துக்கு மீதி 191. வாரத்துக்கு ஐந்து என்றால் கொஞ்சம் முன்பே முடிந்துவிடும். அக்காவுக்கு 2,136 வரை போகும் பொதுப் பயன்பாட்டுக் கான்ஜிப் பட்டியலின் மீதி. எழுதாமல் விட்டால் முதலில் கை மறக்கும், கண் பிறகுதான் மறக்கும். அதனால் படிப்பதோடு நிறுத்தாமல் தினம் ஐந்து வரி நாட்குறிப்பு எழுதச் சொல்லுங்கள், கான்ஜியோடு.

வெளிநாட்டில் வசிக்கும் ஜப்பானியப் பிள்ளைகளுக்குக் கட்டாயக் கல்வி வயது வரை அரசு பாடநூல்களை இலவசமாகத் தருகிறது. தமிழ்நாட்டுக்குச் சென்னையில் உள்ள துணைத் தூதரகம். மூன்று மாதத்துக்கு மேல் தங்குபவர்கள் தர வேண்டிய வசிப்பிட அறிவிப்பைப் பெற்றோர் கொடுத்துவிட்டு, பாடநூலுக்கும் அங்கேயே விசாரிக்கட்டும்.

அக்காவின் விஷயத்தில் பெற்றோரிடம் இப்போதே பேசுங்கள். அங்கே ஒன்பது வருடப் படிப்பு முடிந்ததும் மேல்நிலைப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு. அரசுப் பள்ளி என்றால் வழக்கமாக ஜப்பானியம், கணிதம், ஆங்கிலம், அறிவியல், சமூகவியல் என்று ஐந்து பாடம். ஒன்பதாம் வகுப்போடு திரும்புவார்களா, இங்கே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுவார்களா என்பதைப் பொறுத்து அவளுடைய மாலை நேரம் ஜப்பானியத்துக்கா ஆங்கிலத்துக்கா என்பது மாறும்.