புதுப்பிப்பு: 1990 செவ்ரோலே பிக்கப், காலையில் நீண்ட கிராங்கிங் (ஸ்டார்ட் ஆகாமல் எஞ்சின் சுற்றுவது), காரணம் கிடைத்தது

குளிர்ந்த எஞ்சின் பத்து விநாடி சுற்றினால்தான் பிடிக்கிறது, அப்புறம் ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி. சாவி போட்டதும் 2 விநாடி எரிபொருள் பம்ப் சத்தம் வருகிறதா என்று கேட்டவர்தான் சரியாகப் பிடித்தார், சத்தமே இல்லை. பம்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேயைப் புதிதாகப் போட்டும் பலனில்லை (அந்தக் காசு தண்டம்). ரிலே சாக்கெட்டில் ஆரஞ்சு வயருக்கு 12 வோல்ட் இருந்தது, வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து வரும் பச்சை-வெள்ளை வயருக்கும் சாவி போட்டதும் வந்தது, ஆனால் அதே சாக்கெட்டின் எர்த் வயர் முனைதான் பச்சையாகக் களிம்பேறி, தொட்டதும் கையோடு வந்துவிட்டது. புது முனை போட்டதும் ஒரே சுற்றில் பிடித்தது. எதிர்பாராதது என்னவென்றால், நான் சந்தேகப்பட்ட ஆயில் பிரஷர் சுவிட்ச்தான், பிரஷர் ஏறியதும் பம்புக்கு மாற்று வழியில் கரண்ட் கொடுத்து, இத்தனை நாள் வண்டியை ஓட்டியிருக்கிறது.