காரியவட்டத்தில் ஹாஸ்டல் வெயிட்டிங் லிஸ்ட்: பத்து நாளில் வகுப்பு, எங்கே தங்குவது?

குழித்துறைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்தில் எனக்கு எம்.ஏ. மொழியியல் கிடைத்திருக்கிறது. பெண்கள் ஹாஸ்டலுக்கு விண்ணப்பித்தேன். முதல் பட்டியலில் பெயர் வரவில்லை, வெயிட்டிங் லிஸ்டில் 14ஆவது இடம். வகுப்பு தொடங்க இன்னும் பத்து நாள்தான்.

வளாகத்துக்குப் பக்கத்தில் கழக்கூட்டத்தில் ஒரு பேயிங் கெஸ்ட் வீடு பார்த்தோம். சாப்பாட்டோடு மாதம் 7,500 ரூபாய், இரண்டு மாத அட்வான்ஸ், பதினொரு மாத ஒப்பந்தம். நாளைக்குள் பணம் கட்டாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டு வேலை. இந்த மழையில் வெட்டே இல்லை. கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஹாஸ்டல் படிவத்தில் லோக்கல் கார்டியன், அதாவது அந்த ஊரிலேயே எனக்குப் பொறுப்பேற்கும் ஒருவரின் கையெழுத்து கேட்கிறார்கள். திருவனந்தபுரத்தில் எங்களுக்கு யாரும் இல்லை. குழித்துறையிலிருந்து தினமும் ரயிலில் போய்வர முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மூணாறு சீனியர்:

தங்கச்சி, நாளைக்குப் பணம் கட்ட வேண்டாம். முதலில் சொல்ல வேண்டியது அதுதான்.

நானும் எஸ்டேட்டிலிருந்து வந்து இதே வளாகத்தில் படித்தவள். என் பெயர் வெயிட்டிங்கில் இன்னும் கீழே இருந்தது. வகுப்பு தொடங்கிய நான்காவது வாரம் கூப்பிட்டார்கள். சேர்ந்த பிள்ளைகளில் சிலர் மத்தியப் பல்கலைக்கழகங்களின் அடுத்தடுத்த பட்டியலில் இடம் வந்ததும் டி.சி. வாங்கிக்கொண்டு போவார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் சிலர் ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டு வீட்டிலிருந்தே வருகிறேன் என்பார்கள். அப்படித்தான் கட்டில் காலியாகும். ஆனால் ஆபீஸிலிருந்து போன் வரும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் நடக்காது. வாரம் ஒரு முறை நேரில் போய் மேட்ரனைப் பார்த்து, பெயர் எத்தனையாவது இடத்துக்கு வந்திருக்கிறது என்று கேள். படிவத்தில் கொடுத்த போன் நம்பரை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதே.

வளாக ஹாஸ்டலுக்காக இவ்வளவு சொல்வதற்குக் காரணம் மெஸ். நான் இருந்தபோது மாதச் செலவைத் தங்கியிருந்தவர்களின் நாள் கணக்கில் பிரித்துப் போடுவார்கள். ஊருக்குப் போவதை முன்கூட்டியே நோட்டில் எழுதினால் 'மெஸ் கட்'. அந்த நாள்களுக்குப் பணம் இல்லை. நீ வெள்ளி மாலை குழித்துறைக்குப் போய் திங்கள் காலை வருகிறவள் என்றால் கணக்குப் போட்டுப் பார். பேயிங் கெஸ்ட் வீட்டில் நீ சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அதே 7,500தான்.

அப்புறம் ஒன்று, மனசுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று சொல்கிறேன். நீ சேரும் துறையைக் கட்டி எழுப்பிய வ. அய். சுப்பிரமணியம் உங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து வடசேரிக்காரர். அவர் தொடங்கிய பன்னாட்டு திராவிட மொழியியல் பள்ளியும் கழக்கூட்டம் பக்கம் மேனங்குளத்தில்தான் இருக்கிறது. தங்குமிடம் எதுவானாலும் அந்தப் பக்கமாகவே பார்.

தக்கலை அப்பா:

மக்களே, ரயில் விஷயம் நான் சொல்கிறேன். என் மகள் இரணியலிலிருந்து ஆறு மாதம் திருவனந்தபுரத்துக்குப் போய்வந்தாள்.

மாணவர் சீசன் டிக்கெட் பாதிக் கட்டணம்தான். அதற்கான படிவத்தில் படிக்கும் இடத்தின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு இலவச சீசன் என்று யாராவது சொன்னால், அது பட்டப்படிப்பு வரைக்கும்தான், எம்.ஏ.வுக்குக் கிடையாது. திருவனந்தபுரம் சென்ட்ரல் வரைக்கும் எடுக்காதே, கழக்கூட்டம் வரைக்கும் எடு. காலையில் நேர் வண்டி கிடைத்தால் சென்ட்ரலில் இறங்கிப் பேருந்துக்கு நிற்க வேண்டாம். சீசனை வைத்துக்கொண்டு ரிசர்வேஷன் பெட்டியில் ஏறக் கூடாது. சூப்பர்ஃபாஸ்ட் என்றால் தனியாகக் கூடுதல் கட்ட வேண்டும்.

ஆனால் ஒரு மாதம்தான், அதற்கு மேல் வேண்டாம். என் மகள் ஐந்தேகாலுக்கு வீட்டை விட்டால் இரவு எட்டுக்குத்தான் திரும்புவாள். பாறசாலையில் எதிர் வண்டி கடந்து போவதற்காக வண்டியை நிறுத்திப் போட்டால் அன்றைக்கு முதல் வகுப்பு போச்சு. மூன்றாம் மாதம் டிபன் டப்பாவைத் திறக்காமலே கொண்டுவர ஆரம்பித்தாள். கேட்டால் பசிக்கவில்லை என்பாள். அவள் அம்மா அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையில் நின்றது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. செலவு மிச்சம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அது தப்பு.

கழக்கூட்டம் ஐ.டி. அக்கா:

தக்கலை அண்ணன் சொன்னது சரி. ஒரு மாத வண்டி, அதற்குள் ஹாஸ்டல் கிடைக்காவிட்டால் பேயிங் கெஸ்ட். அந்த வரிசையில் போ.

கழக்கூட்டத்தில் வாடகை ஏன் இப்படி இருக்கிறது என்றால் டெக்னோபார்க் என்ற ஐ.டி. வளாகம். 1990இல் தொடங்கியது. வீட்டுக்காரர்கள் எங்கள் சம்பளத்தைப் பார்த்து விலை சொல்வார்கள், உனக்கும் அதே விலைதான். ஸ்ரீகாரியம், பாங்கப்பாறை பக்கம் மாணவிகள் நாலு பேர் சேர்ந்து எடுக்கும் வீடுகளையும் விசாரி. கன்னியாஸ்திரிகள் நடத்தும் மடத்து ஹாஸ்டல்களில் மாணவிகளை எடுக்கிறார்களா என்றும் கேள். இரவு நேரக் கட்டுப்பாடு கூடுதல், ஆனால் பதினொரு மாதம் என்று கட்டிப்போடுவது குறைவு.

வீடு பார்க்கப் போனால் மழை பெய்யும் நாளில் போ. 2023 அக்டோபர் மழையில் தெற்றியாறு பொங்கிக் கழக்கூட்டத்தில் எத்தனையோ வீட்டுத் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறியது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு இருக்கிறதா பார். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார், அங்கே அடித்திருக்க மாட்டார்கள்.

நான் முதலில் இருந்த வீட்டில் அட்வான்ஸ் 12,000 போனது. இரண்டாம் மாதமே கிளம்பினேன், 'ஒப்பந்தக் காலம் முடியவில்லை' என்று ஒரு பைசா தரவில்லை. நான் கையெழுத்துப் போட்ட காகிதத்திலேயே அது இருந்தது. அதனால் பணம் கொடுக்கும் முன் மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்கு: எத்தனை நாள் முன்னால் சொன்னால் அட்வான்ஸ் முழுவதும் திரும்பும், கரண்ட் பில் தனியா, ஹாஸ்டல் கிடைத்தால் இடையில் விட முடியுமா. மூன்றாவதற்கு ஒத்துக்கொள்ளாத வீடு உனக்குச் சரிப்படாது.

குழித்துறைக்காரி:

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. அந்த வீட்டுக்காரரிடம் அக்கா சொன்ன மூன்றாவதைக் கேட்டேன். முடியாது என்றுவிட்டார். பணம் கட்டவில்லை. அப்பா எதுவும் சொல்லவில்லை, ஆனால் இன்றைக்கு வட்டிக்காரரைப் பார்க்கப் போகவில்லை.

லோக்கல் கார்டியனுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. சீட் காலியானாலும் அந்தக் கையெழுத்து இல்லாமல் சேர்க்க மாட்டார்களாம். கல்லூரியில் கூடப் படித்த ஒருத்தி, தன் அறையில் வந்து தங்கிக்கொள் என்கிறாள். அவள் அதே ஹாஸ்டலில் இருக்கிறாள். போகலாமா?

மூணாறு சீனியர்:

மேட்ரனிடம் எழுதிக் கொடுத்து, கெஸ்ட் கட்டணம் கட்டி, ஒன்றிரண்டு நாள் என்றால் போ. சொல்லாமல் தங்காதே. பிடிபட்டால் அவள் சீட்டும் போகும், உன் வெயிட்டிங் பெயரும் போகும்.

சாலைக்கடை:

மக்களே, நான் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் முப்பது வருடமாக இருக்கிறேன். சொந்த ஊர் தோவாளை.

லோக்கல் கார்டியன் என்றால் சொத்து ஜாமீன் இல்லை. உனக்குக் காய்ச்சல் என்றால் முதல் போன் அவருக்கு வரும். நீ ஊருக்குப் போகாமல் வெளியே தங்கினால் அவர் கையெழுத்து கேட்பார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் கிளம்பி வரக்கூடிய ஆளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அடையாள அட்டை நகலும் போட்டோவும் கொடுக்க வேண்டியிருக்கும்.

முகம் தெரியாத என்னிடம் கேட்காதே, வேறு யார் வலிய வந்து சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதே. உங்கள் பக்கத்திலிருந்து வாழைக்குலை ஏற்றிக்கொண்டு சாலைக்கு வண்டி வருகிறது. உன் ஊரில் குலை வெட்டி அனுப்புகிறவர் யாராவது இருப்பார். அவருக்கு இங்கே ஒரு கடைக்காரரைப் பல வருடமாகத் தெரிந்திருக்கும். அப்பா அந்த ஆளோடு வந்து, கடைக்காரரின் வீட்டுக்குப் போய், வீட்டம்மாவையும் பார்த்துப் பேசட்டும். சாலை, கரமனை, வலியசாலை என்று இந்த ஊரில் தமிழ்க் குடும்பங்களுக்குக் குறைவில்லை. அப்படியும் ஆள் அமையாவிட்டால் துறைத் தலைவரிடம் நிலைமையை எழுதிக் கொடு.

தக்கலை அப்பா:

இன்னொன்று. உதவித்தொகைக்குத் தகுதி இருந்தால், போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகைக்குச் சொந்த மாநிலத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். கேரளத்தில் படித்தாலும் நமக்குத் தமிழ்நாடுதான். ஹாஸ்டலில் இருந்தால் தொகை கூடுதல். அதனால் சேர்ந்தவுடன் ஹாஸ்டல் சான்றிதழ் வாங்கிவிடு.

குழித்துறைக்காரி:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். முந்தாநாள் ஹாஸ்டலில் சேர்ந்தேன்.

நாலரை வாரம் ரயிலில் போய்வந்தேன். இரண்டு நாள் முதல் வகுப்பு போச்சு, இரண்டுமே பாறசாலைதான். புதன்கிழமைதோறும் மேட்ரனைப் பார்த்தேன். 14 என்பது 9 ஆனது, அப்புறம் மூன்று வாரம் அசையவே இல்லை. அன்றைக்கெல்லாம் வண்டியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். ஐந்தாம் புதன் போனபோது, 'கார்டியனோடு நாளைக்கு வா' என்று மேட்ரனே சொன்னார்.

கார்டியன், எங்கள் தெரு மாமா குலை அனுப்பும் கடைக்காரர். அப்பா அவர் வீட்டுக்குப் போனபோது ஒரு சீப்பு மட்டிப்பழம் கொண்டுபோனார். சேரும் நாளில் அவர் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்தார். கையெழுத்துப் போட்ட பிறகு அந்த அத்தை என் அறை வரை வந்து, கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்து, 'வாளி இல்லையே மோளே' என்று சொல்லி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்த வெள்ளிக்கிழமைக்கு மெஸ் கட் எழுதியாயிற்று.