ஒழுங்கை மரக்கன்றுகளின் இலை கருகுகிறது – உதவி தேவை

இடம்: திருகோணமலை நகரம், மத்திய வீதிக்குப் பின்னாலுள்ள ஒழுங்கை. நிழல் வேண்டுமென்று அயலவர்கள் சேர்ந்து கடந்த மாரியில் புங்கை, மருது, பூவரசு நட்டோம். மண் கடற்கரை மணல். கன்றுகள் இடுப்பளவு உயரம்.

முதல் தொல்லை மான்கள். இரவில் வந்து கொழுந்தை மேய்ந்துவிட்டுப் போயின (நகரத்து மான்களிடம் யார் போய் முறையிடுவது?). கம்பி வலைக்கூடு போட்டதும் அது தீர்ந்தது.

இப்போதைய சிக்கல் வேறு. கச்சான் காற்று (கோடையில் வீசும் வறண்ட தென்மேற்குக் காற்று) தொடங்கியதிலிருந்து புங்கையிலும் மருதிலும் இலை நுனி பழுப்பாகி, ஓரம் வழியே கருகி உதிர்கிறது. பூச்சியோ புள்ளியோ இல்லை. பக்கத்திலேயே நிற்கும் பூவரசுக்கு ஒன்றுமில்லை. ஊற்றுவது கிணற்று நீர். கோடையில் அது உவர்க்கிறது. ஆகவே உப்பைத்தான் சந்தேகிக்கிறேன்.

மாட்டெரு இட்டோம், தென்னோலையால் நிழல் கட்டினோம், அடியில் தும்பு பரப்பினோம், வேப்பெண்ணெயும் தெளித்தோம். மாற்றமில்லை. குழாய் நீரை எல்லாக் கன்றுக்கும் ஊற்றக் கட்டணம் தாங்காது.

ஐப்பசி மழை வரும்வரை, இந்த உவர் நீரையே வைத்துக்கொண்டு புங்கையையும் மருதையும் காப்பாற்ற என்ன செய்யலாம்?